ஒன்பதாம் பக்கம், நான்கு வரி

1

இந்தக் கதை நான் படிக்காமல் விட்ட நான்கு வரிகளிலிருந்து பிறந்தது. மற்ற எழுத்தாளர்களைக் கேட்டால் ஒரு கனவு, ஒரு முகம், பேருந்தில் காதில் விழுந்த ஒரு பேச்சு என்று ஏதாவது கௌரவமாகச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரு கண் மருத்துவமனையில், பார்வை போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு இருபத்திரண்டு பக்க ஒப்புதல் படிவத்தை உரக்கப் படித்துக் காட்டினேன். ஒன்பதாம் பக்கத்தில் நான்கு வரிகளைத் தாண்டினேன். கடைசிப் பக்கத்தில், 'இப்படிவம் முழுமையாகப் படித்துக் காட்டப்பட்டது என்பதற்கு நான் சாட்சி' என்று அச்சடித்திருந்த இடத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். அன்றும் அழகாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் வியாழக்கிழமை அதே பெண் இன்னொரு படிவத்தில் கையெழுத்துப் போடப் போகிறாள். போன தடவை போட்டது, ஏற்கெனவே கெட்டுப்போன கண்ணுக்கு. இந்தத் தடவை மிச்சமிருக்கிற கண்ணுக்கு. படித்துக் காட்ட என்னைத்தான் கேட்டிருக்கிறாள். "அந்த அண்ணா படிச்சாதான் எனக்குப் புரியும்" என்றாளாம். இன்று திங்கள். எனக்குப் பத்து நாள் இருக்கிறது. உருப்படியான மனிதன் நேரே அவள் வீட்டுக்குப் போய்ப் பேசியிருப்பான். நான் கதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

'அவள் கண்களில் உலகம் மெல்ல மெல்ல —'

கைவிட்டேன். கண் போன பெண்ணைப் பற்றிய கதையை 'கண்களில் உலகம்' என்று ஆரம்பிக்கிறவனை நடுத்தெருவில் நிறுத்தி நாலு சாத்துச் சாத்த வேண்டும்.

'ஸ்டெம் செல் என்பது இன்னும் எதுவாகவும் ஆகாத ஓர் உயிரணு. சரியான இடத்தில், சரியான விதத்தில் வளர்த்தால் அது தோலாகலாம், ரத்தமாகலாம், விழித்திரைக்கு அடியில் இருக்கிற மெல்லிய படலமாகலாம். அந்தப் படலம் செத்துப்போனவர்களுக்கு —'

தகவல் சரி. அந்த மருத்துவமனை டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்ததுதான். ஆனால் இதைப் படித்தால் யாருக்கும் கொட்டாவி வரும், அல்லது நம்பிக்கை வரும். இரண்டுமே இந்தக் கதைக்கு வேண்டாம்.

'அவளை எல்லோரும் கலரக்கா என்று கூப்பிட்டார்கள்.'

இது பரவாயில்லை. இங்கிருந்து போவோம்.

அவளை எல்லோரும் கலரக்கா என்று கூப்பிட்டார்கள். பெயிண்ட் கடையில் கலர் சேர்ப்பது அவள் வேலை. புது நிறம் கேட்பவர்களுக்கு இயந்திரம் இருக்கிறது. எண்ணைத் தட்டினால் வாளியில் சொட்டும். பழைய சுவருக்குத்தான் ஆள் வேண்டும். ஐந்து வருடம் வெயிலில் வெளுத்த சுவரில் ஒரு மூலை மட்டும் பெயர்ந்திருக்கும். முழுச் சுவரையும் அடிக்க வீட்டுக்காரருக்கு மனசு வராது. ஒரு சில்லைப் பெயர்த்துத் தாளில் மடித்து எடுத்து வருவார். கலரக்கா அந்தச் சில்லின் மேல் புதுக் கலவையில் ஒரு பொட்டு வைப்பாள். ஹேர் டிரையரால் காயவைப்பாள். ஈரத்தில் ஒரு கலர், காய்ந்தால் வேறு கலர். பிறகு கடை வாசல் வெளிச்சத்துக்குப் போய்ப் பார்ப்பாள். பொட்டு தெரிந்தால் இன்னும் இரண்டு சொட்டு. பொட்டு காணாமல் போனால் கலர் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

நோய் வந்தது இப்படித்தான் தெரிந்தது. ஒரு மாதம் முழுக்க, அவள் வைத்த பொட்டெல்லாம் முதல் தடவையிலேயே காணாமல் போயிற்று.

"எனக்குக் கை வந்துடுச்சுன்னு நெனச்சேன் அண்ணா," என்று சொல்லிச் சிரித்தாள். "பதினெட்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் தொழில் புடிபட்டிருக்குன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட பீத்திக்கிட்டேன். அப்புறம் ஒருத்தர் போன்ல போட்டோ எடுத்துக்கிட்டு வந்தாரு. சுவரெல்லாம் தேமல் வந்த மாதிரி இருக்கும்மா, என்னம்மா குடுத்தேன்னு கேட்டாரு. அந்தப் போட்டோலயும் எனக்கு வித்தியாசம் தெரியல."

இரண்டு கண்ணிலும் விழித்திரையின் நடுப்பகுதி செத்துக்கொண்டிருந்தது. வலது கண்ணில் நடுவே முழுக்கப் போய்விட்டது. இடது கண்ணில் கொஞ்சம் மிச்சம். "மூஞ்சியப் பாத்தா மூஞ்சி இருக்காது, காது மட்டும் இருக்கும்" என்பது அவள் கொடுத்த விளக்கம். மருத்துவப் புத்தகங்களில் இதைவிடச் சுருக்கமாக நான் பார்க்கவில்லை.

3

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு ஒரு சந்தேகம். ரொம்ப நல்லவளாக இருக்கிறாள். பாவப்பட்டவள் நல்லவளாகவும் இருந்துவிட்டால் நீங்கள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவீர்கள். அதனால் குறை தேடினேன். அதற்குப் பஞ்சமில்லை. வாய் நிற்காது. காத்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்தால் பக்கத்திலிருப்பவரின் நோயை விசாரித்து, தன் நோய் அதைவிட ஒரு படி உசத்தி என்று நிறுவாமல் விடமாட்டாள். அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க லிஃப்ட் ஓடும் இருட்டுக் குழிக்குள் தொங்கிவிட்டு வருகிற மனிதரை நாலு பேர் முன்னால், "இவருக்கு மேல போறதும் கீழ வர்றதும்தான் தெரியும், நடுவுல மனுஷங்க இருக்கறது தெரியாது" என்று வாருவாள். அவர் எல்லாவற்றுக்கும் "சரி விடு" என்பார்.

இன்னொரு வரைவில் அவர்கள் மகளின் கல்யாணத்தை நுழைத்தேன். அம்மாவுக்குப் பார்வை வந்த பிறகுதான் கல்யாணம் என்று மகள் காத்திருக்கிறாள் என்று எழுதினேன். படிக்க நன்றாக இருந்தது. மகளிடம் கேட்டேன். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில், போனில் வருகிற புகார்களைக் கேட்டுக்கொள்கிற வேலை அவளுக்கு. கோபம் வந்தாலும் குரல் உயராது.

"எனக்குக் கல்யாணம் வேணாம்னு நானே சொல்லி ரெண்டு வருஷமாச்சு அங்கிள். அதையும் எங்கம்மா கண்ணு மேல போடாதீங்க."

"சரிம்மா, எடுத்துடறேன்."

"ஒண்ணு கேக்கவா? நீங்க கதைக்காகத்தான் எங்க வீட்டுக்கு வர்றீங்களா?"

தட்டிலிருந்த பிஸ்கட் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். வாயில் பிஸ்கட் இருக்கும்போது பதில் சொல்லத் தேவையில்லை. கல்யாணத்தை எடுத்துவிட்டேன்.*

* எடுத்தேன் என்று சொல்லிக்கொண்டே உங்களுக்குச் சொல்லியும் விட்டேன். இந்த வகைக் கதையில் இது ஒரு வசதி. வெட்டியதைக் காட்டிக் கைதட்டு வாங்கலாம். என்னை நம்பாதீர்கள்.

4

நான் அந்த அறைக்குள் எப்படிப் போனேன் என்று சொல்ல வேண்டும்.

எனக்குக் கண்ணில் நீரழுத்தம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அந்த மருத்துவமனைக்குப் போவேன். அங்கே விழித்திரைக்கு ஸ்டெம் செல் சிகிச்சைச் சோதனை ஒன்று ஆரம்பித்திருந்தார்கள். மொத்தம் ஏழு பேர். சோதனையில் சேருகிறவருக்குப் படிக்க முடியாவிட்டால், ஆராய்ச்சிக் குழுவிலிருந்து ஒருவர் படிவம் முழுவதையும் படித்துக் காட்ட வேண்டும்; மருத்துவமனைக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கவனிக்க வேண்டும். ஒருவர் படிக்க, ஒருவர் சாட்சி. நன்றாக யோசித்துப் போட்ட விதி. கண் தெரியாதவர்களை ஏமாற்றுவது எவ்வளவு சுலபம் என்று தெரிந்த யாரோ போட்ட விதி.

எப்போதும் ஒரு கட்டு ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடக்கும் ஒரு பெண் இருந்தாள். நோயாளிகள் அவளை ஃபைல் மேடம் என்பார்கள். சோதனைக்கான ஏற்பாடெல்லாம் அவள் பொறுப்பு. என்னைக் கூடத்தில் பிடித்தாள்.

"சார் ரைட்டர்தானே? சாட்சியா உக்காரணும். ரெண்டு மணி நேரம் ஆகும். மத்தவங்க எழுந்து ஓடிடறாங்க, நீங்க பொறுமையா இருப்பீங்க."

சோதனையை நடத்தும் டாக்டர்தான் படிக்க ஆரம்பித்தார். இரண்டு பக்கம் ஆனதும் அறுவை அரங்கிலிருந்து அழைப்பு. ஃபைல் மேடத்துக்கு அன்று தொண்டை கட்டிக் கீச்சுக் குரல்தான் வந்தது. மூன்றாம் பக்கத்தில் அதுவும் நின்றுபோனது.

"சார், நீங்களே படிச்சுடுங்களேன். உங்க குரல் ரேடியோ மாதிரி இருக்கு. நான் நகல் எடுத்துட்டு வந்துடறேன்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

(இங்கே ஒன்றைக் கவனியுங்கள். படிக்கிறவனே சாட்சி ஆகிவிட்டான். கூட வந்திருந்த லிஃப்ட் மெக்கானிக்கைக் கம்பெனியில் கூப்பிட்டுவிட்டார்கள், கிளம்பிப் போய்விட்டார். அந்த அறையில் நான் செய்வதைப் பார்க்க இருந்தது ஒரே ஒரு ஆள். அவளால் பார்க்க முடியாது.)

5

எட்டுப் பக்கம் வரை முழுக்க ஆபத்துகள். கிருமி தொற்றலாம், ரத்தம் கசியலாம், விழித்திரை விலகலாம், செலுத்திய உயிரணுக்கள் வேண்டாத இடத்தில் கட்டியாக வளரலாம், உடம்பு அவற்றை ஒதுக்காமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையால் சிறுநீரகம் பழுதாகலாம். ஒரு வார்த்தை விடாமல் படித்தேன். சத்தியமாக விடவில்லை. கலரக்கா மடியில் கைகளைக் கோத்து உட்கார்ந்திருந்தாள். கண்ணை விரிக்கப் போட்ட சொட்டு மருந்து கன்னத்தில் வழிந்து காய்ந்திருந்தது.

"அண்ணா, நல்லதே எழுதமாட்டாங்களா இதுல?"

"இருங்க, வருது. ஒன்பதாம் பக்கம், 'எதிர்பார்க்கப்படும் பலன்கள்'."

"ஆங், இதப் படிங்க."

அவள் நிமிர்ந்தாள். காதோரத்து முடியை ஒதுக்கிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, கண்ணின் ஓரத்தால் என் முகத்தைப் பிடிக்கப் பார்த்தாள். நான் பக்கத்தைப் பார்த்தேன். நான்கு வரி இருந்தது.

'இந்த முதற்கட்டச் சோதனையின் நோக்கம், இச்சிகிச்சை பாதுகாப்பானதா என்று அறிவது மட்டுமே. எனவே உங்கள் இரு கண்களில் அதிகம் பழுதான கண்ணிலேயே உயிரணுக்கள் செலுத்தப்படும். செலுத்தப்படும் அளவு, பலன் தரத் தேவையான அளவைவிடக் குறைவாக இருக்கலாம். இச்சோதனையால் உங்கள் பார்வை மேம்படும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.'

நேர்மையான வரிகள். யாரோ ஒருவர் இதை எழுத மூன்று கூட்டம் போட்டிருப்பார்கள். அடுத்த பத்தி இப்படி ஆரம்பித்தது: 'இச்சோதனையில் கிடைக்கும் அறிவு, எதிர்காலத்தில் பார்வை இழந்த பலருக்கு மீண்டும் பார்வை கிடைக்க உதவக்கூடும்.'

நான் அடுத்த பத்தியைப் படித்தேன்.

சும்மா படிக்கவில்லை. 'மீண்டும் பார்வை' என்பதற்கு முன்னால் ஒரு கணம் நிறுத்தி, குரலை இறக்கி, மேடையில் என் கதையின் கடைசிப் பத்தியை எப்படிப் படிப்பேனோ அப்படிப் படித்தேன்.

"இன்னொரு தடவ படிங்க அண்ணா."

படித்தேன்.

"எதிர்காலம்னா எவ்வளவு நாள் போட்டிருக்காங்க?"

"நாள் போடல."

"ஊசி போட்டு ஒரு ஆறு மாசம்னு வச்சுக்குவோம்," என்றாள் தனக்குத் தானே.

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'இல்லம்மா' என்று சொல்லியிருந்தால் போதும். பக்கத்தைத் திருப்பினேன். பத்தாம் பக்கத்தில் போக்குவரத்துச் செலவு பற்றி இருந்தது, அதைக் கணீரென்று படித்தேன்.

6

ஏன் விட்டேன்?

முதல் சப்பைக்கட்டு: அவள் களைத்திருந்தாள், இன்னும் பதிமூன்று பக்கம் இருந்தது, சுருக்கினேன். — பொய். பதிமூன்று பக்கத்தையும் அட்சரம் விடாமல் படித்தேன்.

இரண்டாம் சப்பைக்கட்டு: வருடத்துக்கு நாலு தடவை 'இழந்த பார்வை திரும்பும், விஞ்ஞானிகள் சாதனை' என்று செய்தி வருகிறது, அவள் நம்பிக்கையை நான் ஊட்டவில்லை, அது ஏற்கெனவே அங்கே — இதையும் நிறுத்துகிறேன். எழுதும்போதே நாறுகிறது.

மூன்றாம் சப்பைக்கட்டு: இரக்கம். இது கொஞ்சம் நன்றாக நிற்கும். கதையில் இதைத்தான் வைத்திருப்பேன், நானே அந்த ஆளாக இல்லாவிட்டால்.

உண்மை இதைவிடக் கேவலம். எனக்கு அந்த முகம் பிடித்திருந்தது. மூன்று புத்தகம் எழுதியிருக்கிறேன். வெளியீட்டு விழாக்களில் படித்திருக்கிறேன்; முன்வரிசையில் என் மனைவி, அவள் தங்கை, கூடத்துக் காவலாளி. என் குரலைக் கேட்டு ஒரு முகம் அப்படி நிமிர்ந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. நான்கு வரி படித்தால் அந்த முகம் அணைந்துவிடும். ஒரு பத்தி கதையைக் கெடுக்கிறது என்று தோன்றினால் வெட்டிவிடுவது என் தொழில். அன்றும் தொழிலைத்தான் பார்த்தேன். தூ.

7

இனிமேல் கதை வேகமாகப் போகும், ஏனென்றால் ஒன்றும் நடக்கவில்லை.

வலது கண்ணில் ஊசி போட்டார்கள். கிருமி தொற்றவில்லை, ரத்தம் கசியவில்லை, கட்டி வரவில்லை. மாதம் ஒரு தடவை போய்ப் படமெடுத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு தடவையும் "நல்லா இருக்கும்மா" என்றார் டாக்டர். புண் நன்றாக இருக்கிறது என்பது அவர் சொன்னது. பார்வை கிளம்பிவிட்டது, வழியில் இருக்கிறது என்பது அவள் கேட்டது.

அதே மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், நடுப்பார்வை போனவர்களுக்கு ஓரப்பார்வையால் படிக்கவும் நடக்கவும் சொல்லித்தரும் ஒரு டீச்சர் இருக்கிறார். இடது கண்ணில் மிச்சம் இருக்கும்போதே பழகினால்தான் கை கொடுக்கும் என்று கலரக்காவுக்கு ஆறு மாதப் பயிற்சியில் ஓர் இடம் வைத்திருந்தார். இவள் போகவில்லை.

"எனக்கு எதுக்கு டீச்சர்? கண்ணு வரப்போவுது. நிஜமா கண்ணு இல்லாதவங்களுக்குக் குடுங்க."

பெருந்தன்மையாகத்தான் சொன்னாள். அந்த இடம் இன்னொருவருக்குப் போனது. பெயிண்ட் கடை முதலாளி, பொருள் வந்தால் வாங்கி வைக்கும் வேலைக்கு மாறிக்கொள் என்றார். ஒரு வருஷம் லீவு போதும், திரும்ப என் இடத்துக்கே வருவேன் என்று இவள் பிடிவாதம் பிடித்தாள். ஒரு வருடத்தில் அந்த மேஜைக்கு வேறு ஆள் வந்துவிட்டது. இடது கண்ணும் தன்பாட்டுக்கு ஒரு சுற்றுத் தேய்ந்தது. ஹேர் டிரையரை மட்டும் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்திருக்கிறாள்.

பதினான்காம் மாதம் ஒரு சிறு கூட்டம் போட்டார்கள். ஏழு பேரும் வந்திருந்தார்கள், கூட யாராவது ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு. சாட்சி என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். காகிதக் கோப்பையில் காபி. முதற்கட்டம் வெற்றி என்றார் டாக்டர். ஏழு பேருக்கும் எந்தத் தீங்கும் இல்லை, சிகிச்சை பாதுகாப்பானது என்று நிரூபணமாகிவிட்டது. எல்லோரும் கைதட்டினோம். கலரக்காவும் தட்டினாள். பிறகு கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்தில் போல.

"டாக்டர், சக்ஸஸ்னா சந்தோஷம். எனக்கு எப்ப தெரிய ஆரம்பிக்கும்?"

டாக்டருக்குப் புரியவில்லை. "என்ன தெரியணும்மா?"

"கண்ணு."

டாக்டர் மேடையிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் வந்து குனிந்து, மெதுவாகச் சொன்னார். "அம்மா, இது பாதுகாப்பைப் பாக்கற சோதனை. இதுல பார்வை வராதுன்னு படிவத்துலயே இருக்கே. உங்களுக்குப் படிச்சுக் காட்டினாங்க இல்ல?"

நான் நாலடி தள்ளி நின்றிருந்தேன், கையில் கோப்பையோடு. அவள் தலை லேசாகத் திரும்பியது. என்னைத் தேடினாளா என்று தெரியாது. தேடியிருந்தாலும் கிடைத்திருக்கமாட்டேன்.

"படிச்சாங்க டாக்டர்," என்றாள். "அந்த அண்ணா எவ்வளவோ நல்லாப் படிச்சாரு. நான்தான் சரியா கேக்கல போல."

லிஃப்ட் மெக்கானிக் அவள் தோளில் கை வைத்தார். அவர் அன்று 'சரி விடு' என்று சொல்லவில்லை. நான் காபியைக் குடித்து முடித்தேன். ஆறிப்போயிருந்தது, இருந்தாலும் முடித்தேன்.

8

இப்போது இரண்டாம் கட்டம். இதில் உயிரணுக்களின் அளவு அதிகம். பார்வை கொஞ்சமாவது மிச்சமிருக்கும் கண்ணில்தான் போடுவார்கள், அப்போதுதான் மாறுதல் தெரியும். கலரக்காவின் இடது கண்.

கதைக்காக என்று சொல்லிக்கொண்டு டாக்டரைப் போய்ப் பார்த்தேன். அவர் மேல் பழியைப் போட வழி கிடைக்குமா என்று பார்க்கப் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிடைக்கவில்லை.

"ஸ்டெம் செல் ஏமாத்து வேலை இல்ல சார்," என்றார். "ரத்தப் புற்றுநோய்க்கு எலும்பு மஜ்ஜை மாத்தறோமே, அது ஸ்டெம் செல்தான். வெந்துபோன கருவிழி மேல்பரப்பை இதால திரும்ப வளக்க முடியுது. விழித்திரைக்கு வேலை செய்யுமா? எனக்குத் தெரியாது. தெரியாததாலதான் சோதனை."

"அந்தம்மா இடது கண்ணு அப்படியே விட்டா?"

"ரெண்டு வருஷம், மூணு வருஷம். பிறகு வலது கண்ணு மாதிரியே ஆயிடும்."

"போட்டா?"

"நல்லா ஆகலாம். அப்படியே இருக்கலாம். ஆபரேஷன்ல ஏதாவது ஆனா, அந்த ரெண்டு வருஷமும் அன்னிக்கே போயிடும். பத்துல எத்தனைன்னு கேக்காதீங்க, நம்பர் சொன்னா பொய்யாயிடும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்க எல்லாம் தெரிஞ்சு கையெழுத்துப் போட்டா, நாங்க ரெண்டு பேரும் சேந்து துணியறோம். தெரியாம போட்டா அவங்களுக்கும் கூண்டுல இருக்கிற எலிக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்க."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "டீ சொல்லட்டுமா?" என்றார். சொல்லச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்துக் கலரக்கா வீட்டுக்குப் போனேன். பழைய பழக்கத்தில் சுவரைத் தடவிக்கொண்டே வந்து கதவைத் திறந்தாள்.

"இந்தத் தடவை முப்பத்துநாலு பக்கமாம் அண்ணா. உங்களுக்குத் தொண்டை வத்திப் போயிடும். நான் வெந்நீர் ஃபிளாஸ்க் கொண்டாந்துடறேன்."

"நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிக்க என்ன இருக்கு? போன தடவ பாதுகாப்புன்னு தெரிஞ்சுபோச்சு. இந்தத் தடவ பலன். நீங்கதான் படிச்சீங்களே, மீண்டும் பார்வைன்னு. நான்தான் அவசரப்பட்டு அப்பவே வரும்னு நெனச்சுட்டேன். அது இந்தத் தடவைக்கு எழுதினது போல." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏங்க, அண்ணாவுக்குக் காத்தாடியப் போடுங்க."

என் குரலை வைத்துக்கொண்டு ஒரு முழு வருடத்தை அவளே சரிசெய்துகொண்டிருக்கிறாள். மிச்சக் கண்ணையும் அந்தக் குரலின் மேல் வைக்கப் போகிறாள். காற்றாடிக்கு அடியில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

9

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று. நான் உண்மையைச் சொல்கிறேன். அவள் எழுந்து உள்ளே போகிறாள். கையெழுத்துப் போடவில்லை. மூன்று வருடம் கழித்து, சோதனையில் சேர்ந்த வேறு யாரோ பத்திரிகை எழுத்தைப் படித்துக் காட்டும் படம் செய்தித்தாளில் வருகிறது. அன்று கலரக்காவுக்கு இடது கண்ணும் இல்லை. படத்தில் என்ன இருக்கிறது என்று அவள் வீட்டுக்காரர் அவளுக்குச் சொல்கிறார் —

முடிவு இரண்டு. நான் வாயைத் திறக்கவில்லை. இந்தத் தடவை முப்பத்துநாலு பக்கத்தையும் விடாமல் படிக்கிறேன். நடுவில், "பலன் இல்லாமலும் போகலாம்னு இருக்கே, போன தடவ இப்படி ஒண்ணும் இல்லையே?" என்கிறாள். "புதுசா சேத்திருக்காங்க" என்கிறேன். கையெழுத்துப் போடுகிறாள். பலிக்கிறது. ஒரு சில்லில் பொட்டு வைத்து, "தெரியுது அண்ணா" என்கிறாள். நான் கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன். நல்ல முடிவு. இதை எழுதியபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது, அதனால்தான் கிழித்தேன்.

முடிவு மூன்று. அதே மாதிரி. கையெழுத்துப் போடுகிறாள். ரத்தம் கசிகிறது. கட்டுப் பிரித்த அன்று, "நான்தான் சரியா —"

இதை முடிக்க முடியவில்லை.

மூன்றையும் மேஜையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். எது நடக்கும் என்று எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஆனால் மூன்றிலும் ஒரே ஆள்தான் முடிவு செய்கிறான். அவளுக்கு எது தெரியலாம், எது தெரிய வேண்டாம் என்று இன்னமும் நான்தான் வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். கண் அவளுடையது.

10

இந்தக் கதை ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வருகிறது. பத்திரிகையாசிரியர் எனக்கு வேண்டியவர், உடனே போடச் சம்மதித்துவிட்டார். பக்கம், வரி, கையெழுத்து, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருக்கிறேன். டாக்டர் படிக்கலாம். ஃபைல் மேடம் படித்துவிட்டு என்னைக் காலத்துக்கும் மருத்துவமனைப் படியேற விடாமல் செய்யலாம். செய்ய வேண்டும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய இடத்தில், ஒருத்தியால் மட்டும் படிக்க முடியாத இடத்தில், இதைச் சொல்லியிருக்கிறேன். இது இப்போதுதான் உறைத்தது என்று எழுத ஆசை. இல்லை. முதல் வரி எழுதும்போதே தெரியும்.

நான் கதை எழுதுவது அவளுக்கும் தெரியும். "எழுதி முடிச்சதும் நீங்களே வந்து படிச்சுக் காட்டணும்" என்றாள். போனால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். முதல் பகுதியை, தொண்டையைச் செருமிக்கொண்டே தாண்டிவிடுவேன். பெயிண்ட் கடையை ரசித்துப் படிப்பேன், அவள் சிரிப்பாள். நான்காம் பகுதியில் அடைப்புக்குறிக்குள் இருப்பது இருக்காது. ஐந்தும் ஆறும் இருக்கவே இருக்காது. கதை அவளுக்குப் பிடித்துப்போகும். வியாழக்கிழமை நம்பிக்கையோடு கையெழுத்துப் போடுவாள். எனக்கு என்னை நன்றாகத் தெரியும்.

அதனால் நான் போகவில்லை. உங்களில் யாராவது போங்கள். நீங்கள் அவளைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. சுவர்ச் சில்லைத் தாளில் மடித்துக்கொண்டு போய் அவளிடம் கலர் வாங்கியவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். சாயங்காலம் அவள் வீட்டில்தான் இருப்பாள். மகள் கதவைத் திறந்தால் இன்னும் நல்லது, அவளிடமே இதைக் கொடுத்துவிடலாம், அவள் எதையும் விடமாட்டாள். நீங்களே படிப்பதானால் முதல் வரியிலிருந்து படியுங்கள். குரலில் எதையும் சேர்க்க வேண்டாம். ஐந்தாம் பகுதி வரும்போது மட்டும் அவள் முகத்தைப் பார்க்காதீர்கள், பார்த்தால் உங்களுக்கும் நிறுத்தத் தோன்றும். படித்து முடித்த பிறகு அவள் கையெழுத்துப் போடலாம், போடாமலும் இருக்கலாம், என்னைத் திட்டலாம். அது அவள் பாடு. இன்று ஞாயிறு. வியாழக்கிழமைக்கு நான்கு நாள் இருக்கிறது.